சாரல், குற்றாலம்

சென்னையில் நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் வழியாகக் கடல் தாண்டிச் சில கடிதங்கள் வருகின்றன. அவற்றின் முகவரிகள் இப்போது புதுவிதமாக முடிகின்றன. கல்லூரி என்றால் ஒரு வால். வியாபார நிறுவனம் என்றால் டாட் காம். அதற்கு முன்னால் வரும் பெயர், முதலில் கேட்டவருக்காம். ஒரு பெயர் ஒருவருக்குத்தான். உடன் வேலை பார்ப்பவர்கள் அதிசயமாகப் பேசிக்கொண்டார்கள். நான் சேர்ந்துகொள்ளவில்லை. இதே மாதிரி ஒரு பதிவேட்டைக் குற்றாலத்தில் என் கையால் எழுதியிருக்கிறேன்.

அங்கே தபால் தந்தி அலுவலகத்தில் தந்தி வாங்கி அனுப்பும் வேலை எனக்கு. பதிவு செய்த தந்தி முகவரி என்று ஒன்று உண்டு. பெயரும் தெருவும் எழுதாமல் ஒரே சொல்லும் ஊரும் எழுதினால் போதும். விதிகள் மூன்று. ஓர் ஊரில் ஒரு சொல் ஒருவருக்கே. மார்ச் முடிவதற்குள் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காத சொல்லை அடுத்துக் கேட்பவருக்குக் கொடுக்கலாம்.

'சாரல்' என் அப்பா வாங்கிய சொல். சீசனுக்கு வருபவர்களுக்காக எங்கள் மாடியில் நான்கு அறைகளை வாடகைக்கு விட்டிருந்தோம். கொல்லத்திலிருந்தும் கோவில்பட்டியிலிருந்தும் வாடிக்கைக் குடும்பங்கள் 'சாரல் குற்றாலம்' என்று தந்தி கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடும். எங்கள் கதவு எண் அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. அந்த மூன்று மாத வருமானத்தில்தான் அம்மா ஆண்டு முழுவதையும் ஓட்டினாள்.

அப்பா இறந்த அடுத்த மார்ச்சில் அம்மா படிவத்தை என்னிடம் நீட்டினாள்.

"நீதான அங்கன இருக்கே. அப்பா கையெழுத்து மாதிரி நீயே போட்ரு."

நான் போடவில்லை. சொல்லை அம்மா பெயருக்கு மாற்ற வேண்டியவற்றைப் பட்டியல் போட்டேன்: இறப்புச் சான்று, பழைய ரசீது, அம்மாவின் விண்ணப்பம், அண்ணனின் சம்மதக் கடிதம். முதல் மூன்றுக்கும் டிக் அடித்தேன். அண்ணன் பட்டாளத்தில், எல்லைப் பக்கம் எங்கோ இருந்தான். கடிதம் வரவில்லை.

மார்ச் கடைசி நாளில் போஸ்ட்மாஸ்டர் அண்ணாச்சியே சொன்னார்: "ஏட்டி, இந்த ஊர்ல பாதி கரண்ட் கனெக்சன் செத்தவன் பேர்லதான் ஓடுது. படிவத்த வை. நான் கண்ண மூடிக்கிடுதேன்."

வைக்கவில்லை. என் வீட்டுக் காகிதம் என்பதாலேயே அதில் ஒரு குறையும் இருக்கக் கூடாது என்று நினைத்தேன்.

ஏப்ரல் முதல் வாரத்தில், பேருந்து நிலையத்துக்கு அருகே புதிதாக விடுதி கட்டியவர் வந்து சாரலைக் கேட்டார். அவருடைய காகிதங்கள் சரியாக இருந்தன. அப்பாவின் பெயரைச் சிவப்பு மையால் அடித்து, அவர் பெயரை எழுதினேன். வீட்டில் சொன்னபோது அம்மா அலட்டிக்கொள்ளவில்லை. "ஒரு சொல்லுதானட்டி போச்சு. வீடு இங்கனதான இருக்கு."

ஜூனில் ஒரு புதன்கிழமை முதல் தந்தி வந்தது. பதினோரு வருடமாக எங்களிடம் தங்கிய கொல்லத்து டாக்டர் குடும்பம். சாரல் குற்றாலம், வெள்ளி வருகிறோம், ஆறு பேர். தந்திச் சேவகர் தாளைத் திருப்பிப் பார்த்தார்.

"தாயி, இது ஒங்கம்மைக்கு வந்ததுல்லா? போற வழியில குடுத்துட்டுப் போறேன்."

"பதிவேட்ல யார் பேரு இருக்கோ அங்க குடுங்க."

"சரிங்க, ஆபீசரம்மா" என்று சைக்கிளை எடுத்தார்.

மறுநாள் காலை அம்மா தலையணைகளை மாடியில் வெயிலில் காட்டிக்கொண்டிருந்தாள். "தந்தி எதுவும் வரலையா?"

ஒருவர் தந்தியை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது என்பதும் விதி. "ஒனக்கு வரல" என்றேன். பதிவேட்டின்படி அது பொய் இல்லை.

வெள்ளிக்கிழமை விடுதிக்காரர் ஜீப்போடு பேருந்து நிலையத்தில் காத்திருந்து அவர்களை அழைத்துப் போனார். ஞாயிறன்று மெயினருவிக்குப் போகும் வழியில் டாக்டரின் மனைவி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "சேச்சி, வீட்ட வித்துட்டீங்கன்னு அங்க சொன்னாங்க. கேட்டு ரொம்ப விஷமமாயி, மனசே கஷ்டமாப் போச்சு. புதனே தந்தி கொடுத்தோமே."

அம்மா வீட்டுக்கு வந்து என் முன்னால் நின்றாள்.

"புதன்கிழமை தந்தி ஒன் கையிலதான வந்துச்சு?"

"ஆமா."

"தந்தியாபீஸ்ல எம்மக இருக்கான்னு தெருவெல்லாம் சொல்லித் திரிஞ்சேன்."

மாடிக்குப் போய்த் தலையணைகளை ஒவ்வொன்றாகப் பரணில் ஏற்றினாள். நான் கீழிருந்து எடுத்துக் கொடுக்கப் போனேன்; என் கையிலிருந்து அவள் வாங்கவில்லை.

அண்ணனின் கடிதம் ஜூலையில் வந்தது. பட்டியலை எடுத்து நான்காவதற்கும் டிக் அடித்தேன்.