எழுதாத பக்கத்தில் என் கையெழுத்து

நாங்கள் குடியிருக்கும் கட்டடத்துக்கு மேனேஜர் ஒரு பெண். பெயர் லிண்டா. மகள் வீட்டோடு இருக்கக் கனடாவில் ஸ்கார்பரோவுக்கு வந்து நாலு வருடம் ஆகியும் அவள்மேல் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. குழாய் ஒழுகினாலும் லிப்ட் நின்றாலும் அவளே வருகிறாள், ஆட்களை அவளே ஏவுகிறாள். பின்னால் எவனோ ஒருவன் இருக்கத்தான் வேண்டும் என்று தோன்றும். ஒரு நாள் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், “யுவர் ஹஸ்பண்ட் வேர்?” என்று கேட்டேவிட்டேன். அவர் இறந்து மூன்று வருடம் என்று விரலைக் காட்டிச் சொன்னாள். சொல்லிவிட்டு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நான் துக்கம் விசாரித்ததாக நினைத்துவிட்டாள் பாவம். நான் தேடியது உண்மையான மேனேஜரை.

இப்படிச் சந்தேகப்பட எனக்குக் காரணம் உண்டு. திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊருக்கு ஐந்து வருடம் நான்தான் பஞ்சாயத்துத் தலைவி. பெண்கள் சீட்டு என்று ஆனதும் வீட்டுக்காரர் என் பெயரில் மனு கொடுத்தார், ஜெயித்தோம். மாலை அவர் கழுத்தில் விழுந்தது. ஆபீஸ் நாற்காலியில் அவர் உட்கார்ந்தார், ஊர் அவரைத்தான் தலைவரே என்றது. தீர்மானப் புத்தகம் மட்டும் அடுப்படிக்கு வரும். எழுதாத பக்கமாகத் திருப்பி, “இங்க போடு” என்பார். நான் ஐந்தாவது படித்தவள், எழுதியிருந்தால் படித்திருப்பேன்.

ஒரு நாள் ரேஷன் கடை வரிசையில் எதிர்வீட்டுக் கன்னியம்மா என்னை மறித்தாள்.

“ஏரி மண்ண லாரி லாரியா அள்ளிகினு போறானுங்க. இன்னான்னு கேட்டா, தலைவி கையெழுத்து கீதுன்றானுங்க. நீ சோறுதான துன்ற?”

படிக்காமல் போட்டேன் என்பதா, படிக்க அதில் ஒன்றுமே இல்லை என்பதா? வீட்டில் கேட்டதற்கு, “உனுக்கு இன்னா தெரியும், சும்மா கெட” என்றார். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஏரியில் பள்ளம் அப்படியே இருக்கிறது.

போன மாதம் ஊரிலிருந்து மகன் சேகர் போன் செய்தான். சாப்பிட்டாயா, உடம்பு எப்படி என்று இரண்டு தடவை கேட்டான். அப்போதே எனக்கு உறுத்தியது. மறுபடியும் பெண்கள் சீட்டாம். மருமகள் கவிதாவை நிறுத்தப் போகிறானாம்.

“ஆபீசுல நானேதான் குந்துவேன்னு அடம் புடிக்கிறாம்மா. நீ சொன்னா கேப்பா. நீ அப்பாகிட்ட வுட்டுட்டு நிம்மதியாதான இருந்த?”

அவளிடம் கொடுக்கச் சொன்னேன். ஸ்பீக்கரில் போட்டுத்தான் கொடுத்தான். அவன் மூச்சு எனக்குக் கேட்டது. ஆனாலும் சொன்னேன்.

“கவிதா, எழுதாத பக்கத்துல கையெழுத்து போடாத. யாரு நீட்னாலும் போடாத. நாற்காலிய வுட்டு எழுந்துக்காத.”

“சரிங்கத்த.”

“அங்க குந்திகினு என் வூட்ட ரெண்டாக்கறியா?” என்றான் சேகர். லைன் போய்விட்டது. அதற்குப் பிறகு அவன் பேசவில்லை.

நேற்று கவிதா போனிலிருந்து ஒரு செய்தி வந்தது. ‘நானே போய் மனு குடுத்துட்டேன் அத்த.’ அவள்தான் எழுதினாளா, அவன் பக்கத்தில் நின்று எழுத வைத்தானா, தெரியவில்லை. கூடவே ஒரு படம்: பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டிய வாக்காளர் பட்டியல். அதில் என் பெயர், வயது, கதவு எண் எல்லாம் இருந்தன. ஆள் இல்லாத இடத்தில் பெயர் மட்டும் இருந்தால் அதை வைத்து யார் ஓட்டுப் போடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். பெயரை அடித்துவிடச் சொல்லலாம் என்று போனை எடுத்தேன். அடித்துவிட்டால் அந்த ஊரில் எனக்கென்று வேறு என்ன இருக்கிறது? படத்தை விரலால் பெரிதாக்கி, அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.