டிராப்பனியில் பேர் சொல்ல ஒரு பேரன்

டிராப்பனி ஊருக்கு அந்தப் பெயர் வந்த கதையைத் துறைமுகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் அங்கே பலகாரக் கடை போட்டிருக்கும் குரோச்சிஃபிஸ்ஸோ சொன்னால்தான் கப்பலில் வந்தவன் நின்று கேட்பான். கடலைமாவுத் துண்டுகளைப் பொரித்து ரொட்டிக்குள் வைத்தபடியே சொல்வார். மகளைத் தொலைத்த தெய்வம் ஒருத்தி பதறித் தேடி ஓடுகையில், கையிலிருந்த அரிவாள் நழுவிக் கடலில் விழுந்ததாம். அது விழுந்த இடத்தில் வளைந்து எழுந்த நிலம்தான் இந்த ஊர். அரிவாளுக்குக் கிரேக்கர் சொன்ன வார்த்தைதான் தேய்ந்து தேய்ந்து டிராப்பனி ஆயிற்று.

“பேருன்னா சும்மா வராதுய்யா. பெத்தவ வயிறு எரிஞ்சு வந்த பேரு இது” என்று முடித்து, ரொட்டியை நீட்டுவார்.

அவர் பெயருக்குச் ‘சிலுவையில் அறையப்பட்டவன்’ என்று பொருள். பிழைப்பும் அப்படித்தான். கட்டியவள் பிரசவத்தோடு போய்விட்டாள். ஒற்றை மகன் காஸ்பரேயை எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றே ஆளாக்கினார். அவன் ஜெர்மனிக்குப் போய் அங்கேயே பெண் கட்டினான். சரி, கட்டிக்கொள்ளட்டும். தலைப்பிள்ளை ஆணாகப் பிறந்தால் அப்பனைப் பெற்றவர் பெயர், இது இங்கே எழுதாத சட்டம். மனுஷன் அந்த ஒன்றுக்காகத்தான் உயிரை வைத்துக்கொண்டிருந்தார்.

பேரன் பிறந்த சேதி வந்தது. ஞானஸ்நானம் முடிந்து கொடுக்கவேண்டிய சர்க்கரைப் பாதாமை, பொறுக்கமாட்டாமல் அன்றைக்கே தெரு முழுக்கக் கொடுத்துவிட்டார்.

மீன் விற்கும் பெனெதெத்தா ஒன்றை வாயில் போட்டுக்கொண்டே, “பேரு உங்க மகன் சொன்னானா, நீங்களா சொல்றீங்களாண்ணே?” என்றாள்.

“போடி, பொறாமை புடிச்சவளே! என் பேரை வைக்காம வேற யாரு பேரை வைப்பான்?”

மாலையில் மகன் போன் செய்தான். “லெயோன்னு வெச்சிருக்கோம்ப்பா.”

“யாரு பேருடா அது?”

“யாரு பேரும் இல்ல. கேக்க நல்லாருக்கு. உங்க பேரு இங்க யாரு வாயிலயும் நுழையாது. அர்த்தம் தெரிஞ்சா பள்ளிக்கூடத்துல சிரிப்பாங்கப்பா.”

அடப்பாவி! அந்தப் பெயர்க்காரன் காய்ந்த சட்டிச் சோற்றில்தானே வளர்ந்தாய்! தொண்டை வரை வந்ததை விழுங்கிவிட்டு, “நல்லாருக்கட்டும்” என்றார்.

மறுநாள் பெனெதெத்தா நாலு பேர் முன்னால் கேட்டாள். “என் பேருதான்” என்று அடித்துச் சொன்னார்.

ஆகஸ்டில் பிள்ளையோடு வருவதாக மகன் சொன்னான். தெருவில் ஒரே ஒரு முறை “லெயோன்” என்று கூப்பிட்டால் போதும், மானம் கப்பலேறிவிடும்.

“இந்த வருஷம் வேணாம்டா. கூரையைப் பிரிச்சுப் போட்டிருக்கேன்” என்றார்.

அடுத்த வருஷம் தண்ணீர்க் கஷ்டம். அதற்கடுத்து உடம்பு சரியில்லை. பிறகு மகன் கேட்பதையே விட்டுவிட்டான்.

பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். அவன் படத்தைத் தெருவெல்லாம் காட்டி, “பாருங்க, சின்ன குரோச்சிஃபிஸ்ஸோ!” என்கிறார். அந்தப் பிள்ளையை அவர் ஒரு தடவைகூடத் தூக்கியதில்லை.