ஆணியடித்த ஜன்னல்

சிதம்பரத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த ஒற்றை அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அதையும் ஹவுஸ் ஓனர் ஆணியடித்து மூடியிருந்தார். கேட்டால், "அந்தப் பக்கம் எங்க வூட்டுப் பொம்பளைங்க பொழங்குற எடம்மா" என்பார். சமையல், படுக்கை எல்லாம் அந்த அறைக்குள்ளேதான். என் தங்கைக்கோ வீசிங்.

சுனாமிக்கு அடுத்த வருஷம் ஓர் ஆராய்ச்சி மாணவர் வந்து எங்கள் சுவரில் சின்ன பிளாஸ்டிக் டப்பா ஒன்றை மாட்டினார். தரை விரிசல் வழியாக மண்ணிலிருந்து வாசனையே இல்லாத ஒரு வாயு வருமாம். மூடிக் கிடக்கும் அறையில் சேர்ந்தால் நாளடைவில் நுரையீரலைக் கெடுக்குமாம். டப்பாவின் துளை வழியாக உள்ளே போகும் அந்த வாயுவை அதிலிருக்கும் பிலிம் அளக்குமாம்.

"ஜாஸ்தியா இருந்தா ஓனர்கிட்ட நானே பேசறேன்மா. ஜன்னலைத் தொறந்தாலே நெறைய கொறையும்" என்றார்.

நான் மறுநாளே கடலூருக்குக் கிளம்பிவிட்டேன். அங்கே ஜவுளிக்கடையில் வேலை, கடை ஹாஸ்டலில் வாசம். வீட்டில் கெட்ட வாயு நிறைய இருக்க வேண்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொண்ட ஒரே பெண் நானாகத்தான் இருப்பேன். தங்கையைப் பார்த்த டாக்டர் சொல்லியும் ஜன்னலைத் திறக்காத ஓனர், ஆராய்ச்சிக்காரர்கள் அளந்து சொன்னாலாவது பயப்படுவார் என்று நம்பினேன்.

சில மாதம் கழித்து லீவில் வந்தபோது டப்பாவை எடுத்துப் போய், முடிவையும் சொல்லியிருந்தார்கள். பயப்படும்படி எதுவும் இல்லையாம். ஓனர் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"படிச்சவுங்களே நல்ல வூடுன்னு சொல்லிட்டாங்க. இனிமே ஜன்னல் பேச்சை எடுக்காதம்மா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே போனேன். அம்மா எனக்கு முறுக்கு கட்டிக்கொடுக்க ஒரு கெட்டியான பிளாஸ்டிக் கவரை உதறிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் டிவி ரிமோட்டுக்கும் கவர், ரேஷன் கார்டுக்கும் கவர்.

"இது ஏதும்மா?"

"அந்த டப்பாவுக்குப் போட்டு ரப்பர் பேண்டு கட்டியிருந்தேன். அடுத்தவுங்க பொருளு, தாளிக்கிற பொகை பட்டு வீணாப் போயிட்டா? அவுரு வர்ற அன்னிக்குத்தான் கழட்டித் தொடச்சிக் குடுத்தேன். இவ்ளோ சுத்தமா யாருமே வச்சிருக்கலன்னாரு."

மாணவரின் போனுக்கு அடித்தேன். அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை. ஓனரிடம் சொன்னேன், சிரித்தார். அம்மாவிடம் சொல்ல மனம் வரவில்லை.

அன்று சாயங்காலம் தங்கை வாசற்படியில் உட்கார்ந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். அம்மா அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"பனி எறங்குதுடி. நம்ம வூட்டுக் காத்துதான் நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்கள்ல, உள்ள வந்து படு" என்று கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.