பெரியப்பா படிக்காத எழுத்து

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை ஆளாக்கியவள். இன்று பக்கத்துத் தெருவில், சுண்ணாம்புக்கல் லாரி மோதிச் செத்த பையனின் இழவுக்குப் போனேன். லாரி முதலாளி மாலையைப் போட்டுவிட்டு, “அவன் தலையெழுத்துங்க” என்றார். எனக்குப் பழைய நாள் ஒன்று ஞாபகம் வந்தது. பெரியப்பாவின் வெற்றிலை நாற்றம் மூக்கில் ஏறியது.

நான் சிறுமியாக இருந்தபோது தங்கச்சியைப் பாம்பு கடித்தது. அரியலூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டச் சொல்லி அம்மா பெரியப்பாவின் காலில் விழுந்தாள்.

“களத்துல நெல்லுப் போரடிக்க மாடு வேணும். மந்திரிச்சாப் போதும்” என்றார். பொழுது சாய்வதற்குள் தங்கச்சி போய்விட்டாள்.

அவர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே, “பிரம்மா அவ மண்டையில அப்படி எழுதிட்டான்” என்றார்.

“நீங்க படிச்சுப் பாத்தீங்களா பெரியப்பா?”

“அத மனுசன் படிக்க முடியுமாடி?”

“அப்ப இதுதான் எழுதியிருக்குன்னு எப்படித் தெரியும்?”

கன்னத்தில் அறைந்தார்.

சாமி மேல் எனக்குக் கோபமில்லை. வண்டிக்கு மாட்டை அவிழ்த்துத் தராதவர்கள் சாமியின் பெயரில் எழுதிவைத்துத் தப்பிக்கிறார்களே, அதுதான் அருவருப்பு.

இதை எழுத்துக்கூட்டி நானே எழுதினேன். பேத்தி தேன்மொழி, இதைச் சத்தமாகப் படி. தப்பிருந்தால் சொல், திருத்திவிடுகிறேன்.