அணிலை நோக்கி ஒரு கல்

பீமாசங்கர் சரணாலயத்துக்குப் போகலாம் என்று அழைத்தது அண்ணன்தான். புணேயின் வாகட் பகுதியிலிருந்து கிளம்பியது முதல் நான் கார் ஓட்டுவதைக் குறை சொல்லிக்கொண்டே வந்தான். மலைமேல் தூறலும் மூடுபனியுமாக இருந்தது. எங்களைக் காட்டுக்குள் கூட்டிப்போன வழிகாட்டி ஒரு மணி நேரம் கழித்து மேலே கைகாட்டினார். உயரத்துக் கிளையில் பெரிய செந்நிற மலை அணில் ஒன்று வாலைத் தொங்கவிட்டுப் படுத்திருந்தது. மூச்சுவிடக்கூடப் பயந்து நின்றேன்.

"அசைஞ்சாத்தானே வீடியோ நல்லா வரும்" என்று அண்ணன் ஒரு கல்லை எடுத்து வீசினான். அது கிளையில் பட்டுத் தெறித்தது. அணில் கிறீச்சிட்டபடி அடுத்த மரத்துக்குத் தாவி மறைந்தது.

"உனக்கு வெக்கமா இல்ல?" என்று கத்தினேன்.

"ஒரு அணிலுக்காகக் கூடப் பொறந்தவனத் திட்டுவியா?"

அவன் போனைப் பிடுங்கி வீடியோவை அழித்தேன். அவன் என்னைப் பிடித்துத் தள்ளினான். வழிகாட்டி மராத்தியில் அதட்டி, இருவரையுமே வெளியே கொண்டுவந்து விட்டார்.

கார் சாவி என்னிடம் இருந்தது. "பஸ்ல வந்து சேரு" என்று சொல்லிவிட்டு அவனை மழையில் நிற்கவைத்துத் தனியாகப் புணே திரும்பினேன். அதன்பின் நாங்கள் பேசவில்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை.