மூன்றாம் மாடிக்கு ஒரு பதில்

"இருபத்திரண்டு வருஷத்துல மூவாயிரத்து நானூறு பதில் எழுதியிருக்கேன். அதுல ஒண்ணுலயாவது பதில் இருக்குன்னு யாராவது காட்டட்டும், அன்னிக்கே வேலையை விட்டுடுறேன்."

சக ஊழியர் ஒருவரின் பணி ஓய்வு விழாவில், ஒரு கையில் டீயும் மறு கையில் பிஸ்கட்டுமாக நின்றுகொண்டு, சுகாதாரத் துறைக் கேள்விப் பிரிவின் தலைவி இப்படி அறிவித்தார். கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள். ஓய்வு பெற்றவருக்குக்கூட அவ்வளவு பலமான கைதட்டல் விழவில்லை என்பதை நியாயம் கருதிச் சொல்லிவிட வேண்டும்.

அந்த அலுவலகத்தில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. "பரிசீலனை அக்கா" என்றால்தான் தெரியும். சபையில் உறுப்பினர்கள் எழுந்து மந்திரியைக் கேள்வி கேட்பார்கள். அந்தக் கட்டடம் எங்கே, இந்த மருந்து ஏன் வரவில்லை, ஒதுக்கிய நிதி எதற்குச் செலவானது என்று குடைவார்கள். மந்திரி எழுந்து, தொண்டையைச் செருமி, ஒரு காகிதத்தைப் பார்த்துப் படிப்பார். அந்தக் காகிதம் பிறந்து வளர்ந்தது அக்காவின் மேசையில்.

அக்காவுக்கு என்று ஒரு தொழில் தர்மம் இருந்தது. கேள்வி வந்ததும் முதல் வேலையாக முழு விவரத்தையும் சேகரிப்பார். விவரம் தெரிந்தால்தானே எதைச் சொல்லக் கூடாது என்று தெரியும்? பிறகு அந்த விவரத்தையெல்லாம் ஓரமாக ஒதுக்கிவிட்டு, "அரசின் தீவிரப் பரிசீலனையில் உள்ளது" என்று எழுதுவார். வெறும் பரிசீலனை என்றால் ஆறு மாதம் தாங்கும். தீவிரப் பரிசீலனை என்றால் ஒரு வருஷம் நிற்கும். இந்தக் கணக்கு எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. அக்காவின் அனுபவத்தில் இருந்தது.

மந்திரியும் அதற்கு ஏற்ற மனிதர். காகிதத்தில் இல்லாத ஒரு சொல்லைப் பேச மாட்டார். இருக்கிற ஒரு சொல்லை விடவும் மாட்டார். ஒரு முறை காகிதத்தின் அடியில் தட்டச்சருக்காக எழுதியிருந்த "மூன்று பிரதிகள் எடுக்கவும்" என்பதையும் கம்பீரமாகச் சபைக்கு அறிவித்தார். ஆளும் தரப்பு அதற்கும் மேசையைத் தட்டியது.

வீட்டில் மட்டும் அக்காவின் திறமைக்கு உரிய மரியாதை இல்லை. அவருடைய கணவர் தையல்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. முப்பது வருஷமாக ஒரே கால் மிதி மெஷின். "மோட்டார் மாட்டிக்கோங்களேன்" என்று அக்கா சொன்னால், "என் கால் பேசுற பாஷை அதுக்குத் தெரியும். மோட்டாருக்கு என்ன தெரியும்?" என்பார். "ராத்திரிக்கு என்ன சமையல்?" என்று அவர் கேட்டால், அக்கா பழக்க தோஷத்தில் "உரிய நேரத்தில் முடிவெடுக்கப்படும்" என்பார். இருபத்திரண்டு வருஷமாக அந்த வீட்டில் ஒரு கேள்விக்கும் நேர் பதில் வந்ததில்லை. ஆனாலும் சமையல் நடந்தது. குடித்தனமும் சந்தோஷமாகவே ஓடியது.

சிக்கல் முக்காலி வடிவத்தில் வந்தது. மேல் தட்டிலிருந்து கோட்டுத் துணிக் கட்டு ஒன்றை எடுக்க ஏறிய தையல்காரர், கட்டோடு கீழே வந்து சேர்ந்தார். கட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. இவருடைய வலது முட்டி மடங்க மறுத்தது. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, "பன்னிரண்டு தடவை பயிற்சிக்கு வரணும். விட்டீங்கன்னா முட்டி இப்படியே நின்னுடும். அப்புறம் மெஷின் மிதிக்கிறதை மறந்துட வேண்டியதுதான்" என்றார்.

முட்டிக்குப் பயிற்சி தரும் பிரிவு மூன்றாம் மாடியில். லிஃப்ட் ஓடவில்லை. மொத்தம் அறுபத்தாறு படி. முட்டியைச் சரி செய்ய அறுபத்தாறு படி ஏற வேண்டும். அறுபத்தாறு படி ஏற நல்ல முட்டி வேண்டும். கட்டடம் கட்டியவர்கள் மேல் தப்பில்லை. அவர்கள் லிஃப்டையும் சேர்த்துத்தான் கட்டிக் கொடுத்தார்கள்.

மூன்று முறை தையல்காரர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். நாலாவது முறை இரண்டாம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்தவர், எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்தார். மேலே ஏறாமல் அப்படியே இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டார்.

சாயங்காலம் அக்கா செருப்பைக் கழற்றுவதற்குள் விசாரணை தொடங்கியது.

"ஏம்மா, ஆஸ்பத்திரிச் சுவத்துல ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க. லிஃப்ட் எப்ப ஓடும்னு ஜனங்க கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், சபையில மந்திரி சொன்ன பதிலையே ஒட்டிட்டாங்களாம்."

"நல்லதுதானே?"

"'மேற்படி மின்தூக்கியை இயங்கச் செய்வது குறித்து அரசு தீவிரமாகப் பரிசீலித்து வருகிறது.' இது உன் கைதானே?"

அக்கா கைப்பையை மாட்டுவதற்கு ஆணி தேடினார். அது எப்போதும் இருக்கும் இடத்திலேயேதான் இருந்தது.

"ஏங்க, அது பத்து மாசத்துக்கு முன்னால எழுதினது. அப்ப உங்க முட்டி நல்லா இருந்துச்சு."

"சரிதான். நீ எழுதறதுக்கு முன்னாலயே என் முட்டி கெட்டிருக்கணும், அதோட தப்பு." அவர் காலை நீட்டி வைத்துக்கொண்டார். "ஒண்ணு சொல்றேன் கேளு. ரெண்டாம் மாடி வரைக்கும் ஏறி வந்து, மூச்சு வாங்க உட்கார்ந்து, பொண்டாட்டி எழுதினதைப் படிச்ச ஒரே புருஷன் நானாத்தான் இருப்பேன். இனிமே நான் போகல."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"போன்ல கேட்டேன். பத்தாம் தேதிக்குள்ள மறுபடி ஆரம்பிக்கலன்னா அப்புறம் வந்து பிரயோஜனம் இல்லையாம். ஒண்ணும் இல்ல, அடுத்த வருஷம் மந்திரி பரிசீலிச்சதும் போறேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். ஆனால் ராத்திரி விளக்கை அணைப்பதற்கு முன் மெஷினின் மிதியை இடது காலால் இரண்டு தடவை அழுத்திப் பார்த்ததை அக்கா கவனித்தார். நூல் அறுந்தது.

மறுநாள் காலையில் அலுவலகத்துக்குப் போனால் மேசையில் புதுக் கேள்வி. கேட்டவர் எதிர்த்தரப்பு உறுப்பினர், முன்னாள் கணக்கு வாத்தியார். விடை வராத கணக்கை விட மாட்டார். போன தடவையும் இதே லிஃப்டைத்தான் கேட்டார். இந்த முறை அது மூன்றாவது கேள்வியாக, மந்திரி எழுந்து நின்று படிக்க வேண்டிய பட்டியலில் வந்திருந்தது. வெள்ளிக்கிழமை சபை.

அக்கா வழக்கம்போல ஆஸ்பத்திரிக் கிடங்கு மேற்பார்வையாளருக்குப் போன் போட்டார்.

"லிஃப்டுக்கு மாத்த வேண்டிய கன்ட்ரோல் பலகையா மேடம்? அது வந்து பதினோரு மாசமாச்சு. பெட்டியே பிரிக்கல. அது மேலதான் என் சாப்பாட்டு டப்பா வெச்சிருக்கேன். நல்ல உயரம்."

"ஏன் மாட்டல?"

"மாட்டுறவங்க வந்தாங்க மேடம். அனுமதிக் கடிதம் எங்கன்னு கேட்டாங்க. கோப்பு உங்க துறையில மாட்டிக்கிச்சுன்னு சொல்லிட்டேன்."

"எங்க துறையில எங்க?"

"யாரோ சபையில கேள்வி கேட்டாங்களாம். கேள்விப் பிரிவுல இருக்குன்னு பேசிக்கிட்டாங்க. உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா கொஞ்சம் சொல்லி அனுப்புங்க மேடம்."

அக்கா போனை வைத்தார். மெதுவாகத் திரும்பி, முதுகுக்குப் பின்னால் இருந்த பச்சை இரும்பு அலமாரியைப் பார்த்தார்.

இங்கே ஒரு விதியைச் சொல்ல வேண்டும். சபையில் கேள்வி வந்தால் மூலக் கோப்பு கேள்விப் பிரிவுக்கு வந்துவிட வேண்டும். மந்திரி "பரிசீலிக்கிறோம்" என்று சொல்லிவிட்டால் அது உறுதிமொழி. சபையில் தீர்மானமான பதில் ஒன்று சொல்லப்படும்வரை அந்தக் கோப்பு பிரிவை விட்டு நகரக் கூடாது. அடுத்த முறை யாராவது கேட்டால் கைக்கு அருகில் இருக்க வேண்டுமே. இந்த விதியை வகுத்த குழுவில் அக்காவும் இருந்தார். அன்றைக்கு டீ நன்றாக இருந்தது என்பது மட்டும் அவருக்கு நினைவிருக்கிறது.

மூன்றாவது தட்டு. இடமிருந்து ஏழாவது கோப்பு. மேலே அக்காவின் சொந்தப் பதில். அதன் அடியில் அனுமதிக் கடிதம், சுத்தமாகத் தட்டச்சு செய்து, செயலாளரின் ஒரே ஒரு கையெழுத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தது. பத்து மாதமாக அரசு எங்கே தீவிரமாகப் பரிசீலித்தது என்ற மர்மம் விலகிவிட்டது. அக்காவின் முதுகுக்குப் பின்னால், ஒரு முழம் தள்ளி.

கோப்பை வெளியே அனுப்ப ஒரே வழி, சபையில் ஒரு நிஜப் பதில் சொல்லப்படுவதுதான். லிஃப்ட் மாட்டுகிறவர்களிடம் கேட்டார். கடிதம் கைக்கு வந்தால் நாலு நாள் என்றார்கள். காகிதத்தை எடுத்தார். பழக்கப்பட்ட கை தன்பாட்டுக்கு "அரசின் தீவி" வரை போய்விட்டது. அதை அடித்தார். மூவாயிரத்து நானூறு பதில்களில் எதற்கும் ஆகாத நேரம் ஆனது: முழுதாக நாற்பது நிமிஷம்.

தட்டச்சர் அந்தக் காகிதத்தை வாங்கிப் படித்துவிட்டு எழுந்தே வந்தாள்.

"அக்கா, இதுல எங்கேயோ தப்பு நடந்திருக்கு. தேதி போட்டிருக்கு."

"தேதிதான். அடி."

"பரிசீலனை எங்கக்கா?"

"இந்தத் தடவை அதுக்கு லீவு."

"நம்ம அலமாரியை வேற எழுதியிருக்கீங்க. மேல இருக்கவங்க பார்த்தா உங்களைக் கிழிச்சுத் தொங்க விட்டுடுவாங்க."

"பார்த்தாத்தானே?"

அந்த நம்பிக்கை வீண் போகவில்லை. பதில் மந்திரியிடம் போக நாலு கையெழுத்து வேண்டும். முதலில் துணைச் செயலாளர். பேனாவைத் திறந்துகொண்டே, "நீங்க எழுதினதுதானேம்மா?" என்றார்.

"ஆமா சார்."

"அப்ப ஒண்ணும் இருக்காது." போட்டார்.

இரண்டாமவர் முதல் கையெழுத்தைப் பார்த்துப் போட்டார். மூன்றாமவர் இரண்டையும் பார்த்துப் போட்டார். செயலாளர் மூன்றையும் பார்த்துவிட்டு, அடியில் செருகியிருந்த அனுமதிக் கடிதத்திலும் சேர்த்தே போட்டார். இருபத்திரண்டு வருஷமாகச் சம்பாதித்த நல்ல பெயர் ஒரே மதியத்தில் அக்காவுக்கு இப்படி உதவியது.

வெள்ளிக்கிழமை அதிகாரிகள் மாடத்தில் அக்கா முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்னாள் வாத்தியார் எழுந்து கேள்வி எண்ணைச் சொன்னார். கையில் துணைக் கேள்விகள் எட்டு, நெருக்கமாக எழுதி வைத்திருந்தார். மந்திரி தொண்டையைச் செருமினார்.

"(அ) ஆம். மின்தூக்கி பதினான்கு மாதங்களாக இயங்கவில்லை. (ஆ) உதிரிபாகம் பதினோரு மாதங்களுக்கு முன்பே வந்துவிட்டது. அனுமதிக் கடிதம், இதே கேள்விக்குச் சென்ற முறை பதில் எழுதுவதற்காக வரவழைக்கப்பட்ட கோப்பில், இத்துறைக் கேள்விப் பிரிவின் அலமாரியில் இருந்தது. தவறு எங்களுடையது. (இ) கடிதம் கையெழுத்தாகிவிட்டது. வரும் எட்டாம் தேதி மின்தூக்கி இயங்கும்."

மந்திரியின் குரல் வழக்கம்போலக் கம்பீரமாகவே இருந்தது. தான் ஏதோ சொல்லிவிட்டோம் என்பது உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெள்ளை.

ஆளும் தரப்புக்கு மேசையைத் தட்டலாமா என்று தெரியவில்லை. சபாநாயகர், "துணைக் கேள்வி?" என்றார். முன்னாள் வாத்தியார் தன் எட்டுக் கேள்விகளையும் மேலிருந்து கீழாகப் பார்த்தார். ஒவ்வொன்றும் மழுப்பலுக்கென்று செதுக்கியது. நேர் பதிலுக்கு ஒன்றும் பொருந்தவில்லை.

"இல்லைங்க," என்றார். கொஞ்சம் யோசித்து, "நன்றி" என்றும் சொன்னார். அதன்பிறகுதான், யார் முதலில் தட்டியது என்று தெரியாமல், இரண்டு பக்கமும் மேசை அதிர்ந்தது. மந்திரி எழுந்து வணங்கினார்.

மத்தியானம் செயலாளர் அக்காவைக் கூப்பிட்டனுப்பினார். பதிலின் நகல் அவர் முன்னால் இருந்தது.

"யாரும்மா இதை அனுமதிச்சது?"

"கீழ உங்க கையெழுத்து இருக்கு சார்."

செயலாளர் தன் கையெழுத்தை, அது வேறு யாருடையதாவது ஆகிவிடாதா என்ற ஆசையோடு வெகு நேரம் பார்த்தார். மேசைப் போன் அடித்தது. மந்திரிதான். செயலாளர் எழுந்து நின்று கேட்டார். வைத்தபோது முகம் தெளிந்திருந்தது.

"நல்லா எழுதியிருக்கோம்," என்றார்.

அக்கா இடத்துக்குத் திரும்பியதும் தட்டச்சர் நாற்காலியைத் திருப்பினாள்.

"ஒரு பதில்ல பதில் இருந்தா வேலையை விடுறேன்னு சொன்னீங்களே அக்கா?"

"அது பரிசீலனையில இருக்கு," என்றார் அக்கா.

ஒன்பதாம் தேதி அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கணவரோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். லிஃப்ட் முந்தின நாள் சாயங்காலம் நாலரை மணிக்கே ஓடத் தொடங்கியிருந்தது. கதவுக்குப் பக்கத்தில், ஜனங்களின் தகவலுக்காக, புதுக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். தையல்காரர் கைத்தடியை அக்காவிடம் கொடுத்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, (அ)விலிருந்து (இ) வரை படித்தார். பிறகு மறுபடி மேலே போய் இன்னொரு முறை படித்தார்.

"உன் அலமாரியையே போட்டுக் கொடுத்திருக்காங்களே. யாரு எழுதினது?"

"யாரோ."

"உன் கை இல்ல. அது நிச்சயம்." கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். "இதுல கேட்டதுக்குப் பதில் இருக்கு."

"ம்," என்றார் அக்கா. கதவு திறந்தது. கைத்தடியை அவரிடம் கொடுத்து, முழங்கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய், மூன்றை அழுத்தினார்.