பல்லி இல்லாத சுவர்

"ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி" என்று அம்மா கேலி பேசுவாள். பெரியப்பா காதில் விழாத தூரத்தில்தான். ஜேடர்பாளையத்துப் பக்கம் எங்கள் வீட்டில் பல்லி சொல்லாமல் கிணறு வெட்டியதில்லை, பெண் கொடுத்ததில்லை.

அந்த வீட்டில்தான் பெரியப்பாவின் கடைசித் தங்கை, என் அத்தை, கம்ப்யூட்டர் பழகினாள். சின்ன வயதில் காய்ச்சலில் கண் போனவள். அவளுக்கெதற்கு வெளிச்சம்? லேப்டாப்பின் திரையை அணைத்தே வைத்திருப்பாள். பொழுது சாய்ந்தபின் அவள் அறையைத் தாண்டினால், இருட்டுக்குள்ளிருந்து ஓர் ஆண்குரல் மூச்சே விடாமல் பேசிக்கொண்டிருக்கும். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் குரல். எங்களுக்கு ஒரு சொல் பிடிபடாது. அவளுக்கு எல்லாம் புரியும். ஒரு விரலை வைப்பாள். பாதிச் சொல்லில் குரல் செத்துப்போகும். குரலைவிட அந்த அமைதிதான் எனக்குப் பயம்.

சேலம் சூரமங்கலத்தில் ஓர் அலுவலகத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது.

"திங்கக்கெழம வரச் சொல்லியிருக்காங்கண்ணா. நா போறேனுங்க."

"கண்ணு தெரியாத புள்ள, ஆஸ்டல்ல தனியா இருந்துக்குவியா? பல்லி சொல்லட்டும். சொல்லுலீன்னா இந்தப் பேச்சையே உட்ரோணும்" என்றார் பெரியப்பா.

வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கும் நேரம். கரண்ட் போயிருந்தது. சாமி படத்துக்கு முன் சூடம் ஏற்றிக் கேட்டுவிட்டு உட்கார்ந்தோம். சூடம் அணைவதற்குள் பல்லி சொல்ல வேண்டும். அதுதான் எங்கள் வீட்டு முறை. அத்தை கிழக்குச் சுவரோரம் இருந்தாள். மடியில் மூடியும் மூடாமலும் லேப்டாப், அதன்மேல் துப்பட்டா. யாரும் அசையவில்லை. சூடம் நீலமாகி ஒடுங்கியது.

ட்ச். ட்ச். ட்ச்.

பெரியப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "கெழக்கால சொல்லிருச்சு! போய்ட்டு வா, சாமி."

நான் சுவரைப் பார்த்தேன். வெறும் சுண்ணாம்பு.

"பெரீப்பா, அங்க பல்லியே இல்லீங்க."

"கண்ணுக்குத் தெரிஞ்சாத்தான் உண்டுங்கறியா?"

அத்தையின் பார்வையற்ற கண்கள் நேராக என்மேல் திரும்பின. சூடம் அணைந்தது. இருட்டில், அவள் பக்கமிருந்து, இன்னொரு ட்ச்.

அவள் சேலம் போய் வெகுநாள்வரை அந்தச் சுவரோரம் நான் உட்காரவில்லை. உடம்பில்லாத பல்லி ஒன்று அங்கே குடியிருப்பதாக நம்பினேன்.

வளர்ந்தபின் அவளே செய்து காட்டினாள். குரலை அடக்கிவிட்டு, அது பேச வேண்டிய இடத்திலெல்லாம் வெறும் 'ட்ச்' மட்டும் வரும்படி வைக்கலாமாம். ஒரு பட்டனைத் தட்டினால் ஒரு ட்ச். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"வேற பட்டனுல கை பட்டு, அது வாயத் தொறந்து பேசியிருந்தா என்ன ஆயிருக்கும் கண்ணு? கடைசியா வந்துச்சே ஒண்ணு, அது நா தட்டல. வெரலு நடுங்கித் தானாப் பட்டுருச்சு."

அன்றைக்கு அந்த இருட்டில் பயந்து உட்கார்ந்திருந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன்.